ஸ்க்விட் கேம்: பேராசைக்காரர்களின் கதையா, கடன்காரர்களின் கதையா?

கேள்வி இதுதான்: "ஸ்க்விட் கேம் தொடரை முதலாளித்துவ விமர்சனம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பணத்தாசை பிடித்த சிலர் வரிசையாகச் சாகிற கதைதான் அது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, தாங்களாகத்தானே போகிறார்கள்? மறைந்திருக்கும் அந்த விமர்சனம் எங்கே இருக்கிறது?"

பதில் கொஞ்சம் நீளம். மூன்று சீசன்களின் முடிவும் இதில் வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

"தாங்களாகத்தானே போகிறார்கள்?" என்ற உங்கள் வரியிலிருந்தே தொடங்கலாம். தொடரில் விளையாட்டை நடத்துகிறவர்களும் முதலிலிருந்து கடைசிவரை இதையேதான் சொல்கிறார்கள். பார்க்கிற நமக்கும் அது நியாயமாகப் படும்படி இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக் கதையை அமைத்துவிட்டு, பின்னால் அந்த நியாயத்தை ஒவ்வொரு செங்கல்லாக உருவுகிறார். பேராசை இந்தக் கதையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேராசை என்ற குற்றம் யார் தலையில் கட்டப்படுகிறது, அதனால் யார் தப்பிக்கிறார்கள் என்பதுதான் தொடரின் உண்மையான விஷயம் என்பது என் கருத்து.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தென் கொரியத் தொடர் 2021 செப்டம்பர் 17 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கடனில் மூழ்கிய 456 பேரை ஒரு தீவுக்குக் கொண்டுபோய், சின்ன வயதில் ஆடிய ஆறு விளையாட்டுகளை ஆட வைக்கிறார்கள். தோற்றவருக்கு மரணம். ஒருவர் செத்தால் கூரையில் தொங்கும் கண்ணாடிப் பன்றி உண்டியலில் 10 கோடி வொன் (கொரியப் பணம்) விழும். மொத்தப் பரிசு 4,560 கோடி வொன், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 280 கோடி ரூபாய். அதாவது பரிசுத் தொகை என்பது செத்தவர்களின் கூட்டுத்தொகை. வெளியிலிருந்து யாரோ வைத்த பணமாக அது ஆட்டக்காரர்கள் கண்ணில் படுவதே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் செத்தால்தான் அது வளர்கிறது.

இனி முதல் எபிசோடை இன்னொரு முறை பாருங்கள். கதாநாயகன் கி-ஹூன் தீவுக்குப் போவதற்கு முன்பே அவன் உடம்புக்கு இரண்டு முறை விலை பேசியாகிவிட்டது. கந்துவட்டிக்காரர்கள் அவனைக் கழிப்பறையில் மடக்கி, அவன் மூக்கிலிருந்து வழிகிற ரத்தத்திலேயே கைநாட்டு வைக்கச் சொல்லி, பணம் வராவிட்டால் உடல் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்குகிறார்கள். அடுத்து, ரயில் நிலையத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். ஜெயித்தால் 1 லட்சம் வொன். தோற்றால் கொடுக்கக் காசு இல்லையா, கன்னத்தைக் காட்டு, ஒரு அறை. கி-ஹூன் கன்னம் சிவக்கச் சிவக்க ஆடுகிறான், கையில் பணம் வந்ததும் சிரிக்கிறான். தீவில் கையெழுத்திடுவது மூன்றாவது ஒப்பந்தம். முந்தைய இரண்டும் நம் கண்முன்னே, சாதாரண நகரத்தில் நடந்தவை. தீவு வேறு உலகம் இல்லை என்பதை இயக்குநர் முதல் ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாவது ஒப்பந்தத்தில் மூன்றே விதிகள். ஆட்டத்தை நிறுத்த முடியாது. ஆட மறுப்பவர் நீக்கப்படுவார். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் ஆட்டம் முடிக்கப்படும். முதல் ஆட்டத்தில் 255 பேர் சுடப்பட்ட பிறகு, மிஞ்சிய 201 பேர் மூன்றாவது விதியைப் பிடித்துக்கொண்டு ஓட்டு எடுக்கிறார்கள். 101க்கு 100 என்று ஆட்டம் நிற்கிறது. எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பிழைப்புப் போட்டிக் கதைகளில் ஆட்களைப் பூட்டி வைப்பதுதான் வழக்கம். இங்கே கதவு திறந்தே இருக்கிறது. இரண்டாவது எபிசோடின் தலைப்பு "நரகம்". அதில் தீவைவிட ஊர்தான் அதிகம் வருகிறது.

வீட்டுக்குப் போனவர்களுக்கு என்ன காத்திருக்கிறது? கி-ஹூனின் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் கால் அழுகிக்கொண்டிருக்கிறது. இன்சூரன்ஸை மகன் எப்போதோ ரத்து செய்து அந்தக் காசைச் செலவழித்துவிட்டான். அம்மா மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்துவிடுகிறார், வேலைக்குப் போகாவிட்டால் வாடகை யார் தருவது? பாகிஸ்தானிலிருந்து வந்த அலிக்கு முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை, கை விரல்களும் தொழிற்சாலையிலேயே போயிருக்கின்றன. வட கொரியாவிலிருந்து தப்பி வந்த ஸே-பியோக்கின் தம்பி அநாதை இல்லத்தில் இருக்கிறான், அம்மாவைக் கொண்டுவருகிறேன் என்ற தரகன் பணத்தைச் சாப்பிட்டுவிட்டான். வெளியே போன 201 பேரில் 187 பேர் திரும்பி வருகிறார்கள்.

இதைப் பேராசை என்று சொல்வீர்களா? அம்மாவின் காலுக்கும் கொடுக்காத சம்பளத்துக்கும் வேறு பெயர் வேண்டும். "விருப்பப்பட்டு" என்ற சொல் ஒப்பந்தத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விருப்பத்தை உருவாக்கும் வேலையை வெளியே இருக்கும் கடனும் வாடகையும் மருத்துவச் செலவும் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டன. நடத்துகிறவர்களுக்கு விலங்கு மாட்ட வேண்டிய தேவையே இல்லை.

அலி விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். கொரியா 2004 முதல் நடத்திவரும் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதித் திட்டத்தில், வேலைக்கு வருகிறவர் தன் இஷ்டத்துக்கு முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாது. தொழிலாளர் அமைப்புகள் நெடுங்காலமாக இதை எதிர்த்து வருகின்றன. இலங்கையிலிருந்து கொரியாவுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் இந்தத் திட்டத்தில்தான் போகிறார்கள். சம்பளம் தராத முதலாளியை விட்டு அலியால் ஏன் சட்டென்று விலக முடியவில்லை என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்கு விளக்காமலே புரியும்.

இப்போது இந்தத் தொடரில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் இடமும் அதுதான்.

கி-ஹூன் சூதாடி, பொறுப்பில்லாதவன், அம்மாவின் பணத்தைத் திருடுகிறவன். அப்படித்தான் அறிமுகமாகிறான். ஐந்தாவது எபிசோடில் இரவுத் தாக்குதலுக்குப் பயந்து கட்டில்களை அடுக்கித் தடுப்பு அமைக்கிறார்கள். அந்தத் தடுப்பைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய நினைவு வருகிறது. அவன் ஒரு கார் தொழிற்சாலையில் பத்து வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தவன். ஆட்குறைப்பை எதிர்த்து உள்ளிருப்புப் போராட்டம், காவல்படையின் தாக்குதல், கண்ணெதிரே செத்துப்போன சக தொழிலாளி. அதற்குப் பிறகுதான் கோழிக்கடை வைத்து நொடித்தது, கடன், விவாகரத்து, குதிரைப் பந்தயம் எல்லாம். சூதாட்டம் கதையின் தொடக்கம் இல்லை, வெகு தூரம் வந்த பிறகு வருகிற அத்தியாயம்.

இது முழுக்கக் கற்பனை அல்ல. தொடரில் நிறுவனத்தின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். 2009 ஜனவரியில் ஸாங்யோங் மோட்டார் என்ற கார் நிறுவனம் திவால் நிலைக்குப் போய் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. 2,646 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பியோங்டேக் நகரத்துத் தொழிற்சாலைக்குள் தொழிலாளர்கள் மே மாதம் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். 77 நாள் போராட்டம். தண்ணீரும் உணவும் தடுக்கப்பட்டன. ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகைத் திரவம் கொட்டப்பட்டது. சிறப்புக் காவல்படை கூரையில் இறங்கி அடித்த பிறகு, ஆகஸ்ட் மாதம் ஓர் உடன்பாட்டோடு போராட்டம் முடிந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் வேலை இழந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக ஏறக்குறைய 30 பேர் தற்கொலையிலும் நோயிலும் இறந்தார்கள். கி-ஹூனை எழுதும்போது இந்தப் போராட்டத்தை மனதில் வைத்திருந்ததாக இயக்குநரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். (நம் வாசகர்களுக்கு ஒரு தகவல்: அதே ஸாங்யோங்கைத்தான் 2011இல் மஹிந்திரா வாங்கியது. 2020 கடைசியில் ஸாங்யோங் மீண்டும் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது.)

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 1997 வரும். அந்த ஆண்டு டிசம்பரில் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியது, ஆயுள் முழுக்க ஒரே கம்பெனி என்ற நம்பிக்கை அதோடு முடிந்தது. வேலை போன நடுத்தர வயதுக்காரர்கள் கோழிக்கடை வைப்பது கொரியாவில் எல்லோருக்கும் தெரிந்த சோகக் கதை. இந்தத் தொடர் வந்த சமயத்தில் அந்நாட்டுக் குடும்பங்களின் மொத்தக் கடன், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பையே தாண்டியிருந்தது. இயக்குநரும் இதற்கு வெளியே நின்று எழுதியவர் அல்ல. 2009 வாக்கில் இந்தத் திரைக்கதையை எழுதும்போது அவரிடம் காசு இல்லை, ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்த லேப்டாப்பையே விற்க வேண்டி வந்தது. நம்ப முடியாத கதை, ரொம்பக் கொடூரம் என்று பத்து வருடம் யாரும் எடுக்க முன்வரவில்லை.

கி-ஹூனின் சின்ன வயது நண்பன் சாங்-வூ வேறு வகை. சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து, முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவன், தெருவுக்கே பெருமை. வாடிக்கையாளர் பணத்தை எடுத்து ஃப்யூச்சர்ஸில் (வரப்போகும் விலையை ஊகித்துச் செய்யும் சந்தை வியாபாரத்தில்) போட்டுத் தோற்றான், அம்மாவின் மீன் கடையும் வீடும் அடமானத்தில். பேராசைக்கு ஆள் வேண்டும் என்றால் இவனைக் காட்டலாம். ஆனால் அவன் தீவில் செய்வது எல்லாம் அவன் தொழிலில் கற்றுக்கொண்டதுதான். தகவலை மறைப்பது, கூட்டாளியின் நம்பிக்கையை மூலதனமாக்குவது. மிட்டாயில் பதிந்த வடிவத்தை உடையாமல் பெயர்த்தெடுக்கும் தேன்மிட்டாய் ஆட்டத்தில் என்ன வரப்போகிறது என்று ஊகித்தும் நண்பர்களுக்குச் சொல்லவில்லை. கோலிக்குண்டு ஆட்டத்தில், தன்னை அண்ணன் என்று கூப்பிட்ட அலியின் பையில் கோலிகளுக்குப் பதில் கூழாங்கற்களைப் போட்டு அனுப்புகிறான். அதே வேலையை அலுவலகத்தில் செய்து ஜெயித்திருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

தீவின் கொள்கை சமத்துவம். எல்லோருக்கும் ஒரே பச்சை உடை, ஒரே படுக்கை, ஒரே விதி. ஒரு மருத்துவர் காவலர்களோடு சேர்ந்து பிணங்களிலிருந்து உறுப்புகளை எடுத்து விற்றுக்கொடுத்து, பதிலுக்கு அடுத்த ஆட்டம் என்ன என்று தெரிந்துகொள்கிறார். அது வெளியே வந்ததும் சம்பந்தப்பட்டவர்களைக் கொன்று தொங்கவிடுகிறார்கள். காரணம் உறுப்புத் திருட்டு இல்லை. சமத்துவத்தைக் கெடுத்தார்கள், அதுதான் குற்றம். வெளியே பாகுபாட்டில் தவித்தவர்களுக்கு இங்கே சமமாகப் போட்டியிடும் கடைசி வாய்ப்பைக் கொடுக்கிறோம் என்று விளையாட்டை முன்னின்று நடத்தும் முகமூடித் தலைவன் பெருமையாகச் சொல்கிறான். இந்தப் பேச்சைத்தான் நான் மிகக் கூர்மையான விமர்சனமாகப் பார்க்கிறேன். போட்டி நியாயமாக நடக்கிறதா என்று மட்டும் கேட்கப் பழகிவிட்டால், இப்படி ஒரு போட்டி எதற்கு என்று கேட்க மறந்துபோகும். நுழைவுத் தேர்வுகளும் வேலைக்கான போட்டிகளும் இளைஞர்களைப் பிழிந்தெடுக்கும் கொரியாவில் அந்த வசனம் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமத்துவமும் பொய்தான். உணவை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். ரவுடி டியோக்-சு கூட்டம் இரண்டு பங்கு எடுத்துக்கொள்கிறது, தட்டிக் கேட்டவனை அடித்தே கொல்கிறான் அவன். காவலர்கள் வரவில்லை. உண்டியலில் பணம் விழுகிறது, அவ்வளவுதான். அந்த இரவு விளக்கை அணைத்துவிட்டு வெட்டிக்கொள்ள விடுகிறார்கள். மனிதர்கள் இயல்பிலேயே இப்படித்தான் என்று நாம் நினைத்தால், ஒரு முட்டையும் ஒரு பாட்டில் குளிர்பானமும் மட்டும் இரவு உணவாகக் கொடுத்தது யார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இளஞ்சிவப்பு உடைக் காவலர்களையும் கவனியுங்கள். வட்டம், முக்கோணம், சதுரம் என்று முகமூடியிலேயே படிநிலை. சிறிய அறையில் அடைந்து தூங்குகிறார்கள், முகத்தைக் காட்டினால் சாவு. இரண்டாவது சீசனில் வரும் நோ-உல் என்ற காவலாளி, வட கொரியாவில் மகளை விட்டுவிட்டுத் தப்பி வந்து அவளைத் தேடிக்கொண்டிருப்பவள், பகலில் கேளிக்கைப் பூங்காவில் பொம்மை வேஷம் போடுகிறவள். சுடுகிறவளும் சுடப்படுகிறவர்களும் ஒரே வறுமையிலிருந்து வந்தவர்கள்.

2024 டிசம்பர் 26 அன்று வந்த இரண்டாவது சீசனைப் பலர் இழுவை என்றார்கள். ஓரளவு சரிதான். ஆனால் முதல் எபிசோடில் ஒரு காட்சி இருக்கிறது. அதே கோட்டு சூட்டுக்காரன் பூங்காவில் வீடற்றவர்களிடம் ரொட்டி அல்லது சுரண்டல் லாட்டரிச் சீட்டு, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். பெரும்பாலானவர்கள் சீட்டை எடுக்கிறார்கள். மிஞ்சிய ரொட்டிகளை எல்லாம் அவர்கள் முன்னால் தரையில் கொட்டி மிதித்து நசுக்குகிறான், இதைத் தூக்கி எறிந்தது நானில்லை, நீங்கள்தான் என்கிறான். உங்கள் கேள்விக்கு இந்தக் காட்சியே பதில். நூறு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் நீட்டுகிறவன், பசித்தவனைப் பேராசைக்காரன் என்று தீர்ப்பு சொல்கிறான்.

அந்த சீசனில் விதி மாறுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஓட்டு. நிறுத்தலாம் என்று பெரும்பான்மை சொன்னால், அதுவரை சேர்ந்த பணத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு போகலாம். ரொம்பக் கருணையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 91 பேர் சாகிறார்கள், 910 கோடி வொன். அதை 365 பேர் பிரித்தால் தலைக்கு 2.5 கோடி வொன்கூட வராது, நம் பணத்தில் சுமார் 15 லட்சம். எவருடைய கடனும் அடையாது. ஆனால் ஒவ்வொரு சாவும் உண்டியலைப் பெரிதாக்கும், பங்குக்காரர்களைக் குறைக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். 100 பேர் மிஞ்சினால் தலைக்கு 35.6 கோடி வொன். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்ற குரல் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. 183க்கு 182 என்று ஆட்டம் தொடர்கிறது, அந்தக் கடைசி ஓட்டைப் போடுகிறவன் ஆட்டக்காரனாக வேஷம் போட்டு உள்ளே வந்த முகமூடித் தலைவனே. பிறகு, தொடர நினைப்பவர்கள் நெஞ்சில் நீல வட்டமும் நிறுத்த நினைப்பவர்கள் சிவப்புப் பெருக்கல் குறியும் ஒட்டிக்கொண்டு இரண்டு முகாமாகி ஒருவரையொருவர் கொல்கிறார்கள். மேலே இருப்பவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லை.

மேலே இருக்கிறவர்கள் யார்? முதல் சீசன் கடைசியில், 1ஆம் எண் கிழவர் இல்-நாம்தான் இதையெல்லாம் உருவாக்கியவர் என்று தெரிகிறது. பணத்தை வைத்துப் பணம் பண்ணியே பெரும் பணக்காரரானவர். காசே இல்லாதவனுக்கும் அளவுக்கு மீறிக் காசு இருப்பவனுக்கும் வாழ்க்கை ஒரே மாதிரி சுவாரசியமில்லாமல் இருக்கிறது என்கிறார். அவர் சலிப்பையும் அலியின் பசியையும் ஒரே தட்டில் வைக்கும் அந்தத் துணிச்சலைப் பாருங்கள். முகமூடித் தலைவனோ கி-ஹூனிடம், உனக்குக் குதிரைப் பந்தயம் பிடிக்குமே, நீங்கள் எல்லாம் எங்கள் குதிரைகள் என்கிறான். பேராசை உண்மையில் இங்கே இருக்கிறது. கடன் இல்லாமல், பசி இல்லாமல், தேவையே இல்லாமல் இன்னொருவர் உயிரை விளையாட்டுக்கு வாங்கும் ஆசை.

கி-ஹூன் பணத்தாசை பிடித்தவனா என்பதற்குத் தொடரே பதில் சொல்கிறது. 4,560 கோடி வொன்னோடு வீடு திரும்புகிறான், அம்மா தரையில் இறந்து கிடக்கிறார். ஒரு வருடம் அந்தப் பணத்தை ஏறக்குறையத் தொடவே இல்லை. அந்த எபிசோடின் தலைப்பு கொரிய வாசகர்களுக்குப் பழக்கமானது: ஹ்யோன் ஜின்-கோன் 1924இல் எழுதிய "அதிர்ஷ்டமான நாள்" என்ற சிறுகதை. ஜப்பானிய ஆட்சிக் காலத்து ரிக்‌ஷாக்காரன் ஒருவன், என்றுமில்லாத வருமானம் கிடைத்த நாளில், நோயாளி மனைவி ஆசைப்பட்ட சூப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அவள் இறந்து கிடக்கிறாள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஏழைக் குடிசையை இயக்குநர் 2021இன் சோல் நகரத்தில் அப்படியே வைக்கிறார்.

குறைகளும் உண்டு. ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வரும், முகமூடி அணிந்த பணக்கார விருந்தினர்கள் கேலிச்சித்திரமாக வந்து போகிறார்கள். நிஜத்தில் இப்படிப்பட்டவர்கள் நாகரிகமாகப் பேசுவார்கள், அறக்கட்டளையும் வைத்திருப்பார்கள். 2025 ஜூன் 27 அன்று வந்த மூன்றாவது சீசனில், கடைசி ஆட்டக்காரர்கள் சிலரை வெறும் கெட்டவர்களாகவே காட்டிவிட்டார்கள். முதல் சீசனில் இருந்த "இவன் ஏன் இப்படி ஆனான்?" என்ற கேள்வி அங்கே மெலிந்துபோகிறது. இருந்தாலும், யாரை முதலில் தள்ளிக் கொல்வது என்று அவர்கள் கூட்டம் போட்டு நாகரிகமாக ஓட்டெடுக்கும் காட்சி தொடரின் பலமான காட்சிகளில் ஒன்று.

இந்த விமர்சனமும் நன்றாக விலைபோனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நான்கு வாரத்தில் 14.2 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. வெற்றிக்கேற்ற கூடுதல் பங்கு தனக்கு வரவில்லை என்று இயக்குநர் வெளிப்படையாகச் சொன்னார். 2023 நவம்பரில் அதே நிறுவனம் 456 நிஜ மனிதர்களை வைத்து, 45.6 லட்சம் டாலர் பரிசோடு, இதே விளையாட்டுகளை ஒரு போட்டி நிகழ்ச்சியாக நடத்தியது. சாவை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் விற்கலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அதே உடையை வேறு விதமாகவும் பயன்படுத்தினார்கள்: 2021 அக்டோபரில் கொரியத் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தத்தில், தொழிலாளர்கள் இந்தத் தொடரின் முகமூடியும் உடையும் அணிந்து சோல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள்.

வெளியேற வழி எதுவும் தொடர் சொல்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முழு வழியாக ஒன்றும் இல்லை. கயிறு இழுக்கும் ஆட்டத்தில் பலவீனமான அணி சேர்ந்து நின்று ஜெயிக்கிறது, ஆனால் எதிரணியின் பத்துப் பேர் செத்துத்தான். கி-ஹூன் கடைசியில் ஒரு குழந்தைக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறான், விளையாட்டு வேறு நாட்டில் தொடர்கிறது. நிஜக் கதை அங்கே நிற்கவில்லை. போராடிய ஸாங்யோங் தொழிலாளர்கள் நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் 470 கோடி வொன் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் படித்த ஒரு பெண், 1 லட்சம் பேர் ஆளுக்கு 47,000 வொன் போட்டால் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு, தன் பங்கை ஒரு உறையில் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். அது மஞ்சள் உறை இயக்கமாகப் பரவியது. போராடும் தொழிலாளர்கள் மேல் இப்படி நஷ்டஈடு வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை, அந்த உறையின் பெயராலேயே எல்லோரும் அழைக்கும் சட்டத்தை, மூன்றாவது சீசன் வந்து இரண்டு மாதத்தில், 2025 ஆகஸ்டில் கொரிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது.